ராகிப் போரில் மோதி நின்ற பல்லக்கு

அப்பா,

முந்தாநாள் உரித்த அவரைக்காயின் மணம் இன்னும் விரலைவிட்டுப் போகவில்லை. பனிக்காலத்து அவரைக்கு நம் பக்கத்தில் எண்ணெய் பூசினாற்போல ஒரு மணம் உண்டல்லவா, அதேதான். மூன்று முறை சோப்புப் போட்டாயிற்று. நான் பாடம் நடத்தும் வகுப்பில் சாக்கட்டியைத் தொட்டால் சாக்கட்டியும் மணக்கிறது. முனியப்பா சிக்கப்பா (இங்கே சித்தப்பா என்று சொன்னால்தான் புரிகிறது) பாகலூரில் பஸ் ஏறி ஓசூருக்கு வந்து, நான் குடியிருக்கும் வீட்டு வாசலில் ஒரு மூட்டையை இறக்கிவிட்டு, "உக்காரு கண்ணு, உரிப்போம்" என்றார். பாதி மூட்டை முடிவதற்குள் அவர் ஒன்று சொன்னார். நீங்கள் கடைசி ஒரு வருடம் தேடித் தேடிக் கிடைக்காமல் போன விடை அது. உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

செத்தவருக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால், "பி.ஏ. படிக்க வச்சது இதுக்குத்தானா?" என்பீர்கள். இருக்கட்டும். விலாசம் எழுதாமல்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குச் சாமி இல்லாமல் போனது ஒரு கிணற்றில். நான் பிறப்பதற்கு முன்பே நடந்தது. ஆனால் வருடத்துக்கு இரண்டு முறையாவது நீங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கிணறு எங்கே வெட்டலாம் என்று ஊரம்மா பல்லக்கைக் கேட்டார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷை பேசும் நம் ஊரில் எந்தப் பாஷையில் கேட்டாலும் பல்லக்கு பதில் சொல்லும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தூக்கி நிற்க, அது முன்னே போனால் சம்மதம், பின்னே போனால் இல்லை. உங்கள் மேட்டு நிலத்தின் ஈசானிய மூலையில் பல்லக்கு முன்னே போனது. நீங்கள் வெட்டினீர்கள். நாற்பது அடி. நாற்பதும் பாறை. அம்மா உங்களைச் சோதிக்கிறாள் என்று பூசாரி சொன்னதற்கு, "என்னைய எதுக்குச் சோதிக்கணும்? பாறையச் சோதிச்சிருந்தா நானாவது தப்பிச்சிருப்பேன்" என்று கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டு வந்தீர்கள். அன்றோடு முடிந்தது.

முடிந்தது என்றால் நம்பிக்கைதான் முடிந்தது. பல்லக்கு உங்களை விடவில்லை. பின்னால் தூக்கும் முனியப்பா சிக்கப்பா பனைமரம் மாதிரி ஆள். அவர் உயரத்துக்கு ஈடாக முன்னால் நிற்க ஊரில் உங்களை விட்டால் யாரும் இல்லை. குள்ளமானவர் நின்றால் ஊரம்மா முன்பக்கமாகச் சரிந்து பூசாரி மடியில் விழுந்துவிடுவாள். பெரியவர்கள் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். "சாமியத் தூக்கல, சுமையத் தூக்கறேன்" என்று நிபந்தனை போட்டு ஒப்புக்கொண்டீர்கள். சிக்கப்பா மூன்று நாள் விரதம் இருந்து ஈரத்துணியோடு வருவார். நீங்கள் கடைசி இழுப்புவரை பீடியை இழுத்து, வேலியில் தேய்த்து அணைத்துவிட்டு வருவீர்கள். பல்லக்கு ஏன் அசைகிறது என்று கேட்டால், "மூணு நாளாச் சோறு தின்னாதவன் கால் ஆடாதா?" என்பீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் தூக்க ஆரம்பித்த பிறகுதான் ஊருக்கு வாக்கின்மேல் நம்பிக்கை கூடியது. "அவன் எதுக்குத் தள்ளப்போறான்? அவனுக்குத்தான் சாமியே கெடையாதே" என்று பக்கத்து ஊர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார்கள். சாமி அசைக்காமல் ஆளே வேண்டுமென்று அசைத்தால், முன்னால் நின்று இழுத்தாலும் நம் ஊரில் அதற்குப் பேர் தள்ளுவதுதான்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வைகாசி. பெங்களூர் கல்லூரி விண்ணப்பம் உங்கள் சட்டைப்பையில் வேர்வை பட்டு மக்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அக்கா மகள் தனக்குத்தான் என்று என் பாவாடை வயசிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவர், என் மார்க்கு அட்டையை வாங்கிப் பார்த்தார். மத்தூர்ச் சந்தையில் மாட்டுத் தரகு செய்கிறவர் இல்லையா? காளையின் பல்லைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. போதும்" என்றார். மோசமான மனிதர் இல்லை. சந்தையிலிருந்து எனக்கென்று தனியாகப் பொரி உருண்டை வாங்கி வருவார். அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அடிக்கிறவரிடம் மாட்டேன் என்று சொல்லிவிடலாம். பொரி உருண்டை கொடுப்பவரிடம் எப்படிச் சொல்வது?

அம்மா இரண்டு பக்கமும் சாயவில்லை. "ஊரம்மா சொன்னா அனுப்பறேன்" என்றாள். நீங்கள் கத்தினீர்கள். அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே கேட்டாள்: "அவ சொல்லாம ஒரு பொண்ண அசலூருக்கு அனுப்பி, நாளைக்கி ஒண்ணு ஆச்சுன்னா நான் யார் சட்டையப் பிடிச்சுக் கேக்கறது? நீங்கதான் மேல யாருமே இல்லங்கறீங்களே!" அம்மாவுக்குச் சாமி வேண்டியிருந்தது கும்பிட அல்ல, சண்டை போட என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

திருவிழாவில் என் முறை வந்தபோது கூட்டத்தில் யாரோ, "பெத்தவன் தூக்கலாமா? ஆள மாத்துங்கப்பா" என்றார். மாமாதான் கையை உயர்த்தினார். அக்கா புருஷன் என்பதால் நீங்கள் அவருக்கு மாமா.

"மாமாவே தூக்கட்டும். சாமி இல்லன்னு சாமி எதிர்லயே சொன்ன மனுசன். அவரு தோள்ல பொய் வராது."

அந்த வார்த்தை உங்கள் முகத்தில் போய் விழுந்ததை அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். பீடியை அணைக்க மறந்து வேலியில் சொருகினீர்கள்.

ஏழு அடி தள்ளித் தரையில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அதைத் தாண்டினால் கல்லூரி. தாண்டாமல் பின்னே போனால் ஆவணியில் கல்யாணம். பூசாரி தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை கேட்டார். பம்பை நின்றது.

பிறகு நடந்ததை ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். பல்லக்கு எலுமிச்சையைத் தாண்டியது. பூசாரியைத் தாண்டியது. மாமா ஒரு பக்கமும் பம்பைக்காரர் ஒரு பக்கமும் குதித்தார்கள். பத்து வருடமாக ஓர் அடி, ஒன்றரை அடி அசைந்த பல்லக்கு, மிரண்ட மாடுபோல மைதானத்தைக் கடந்துபோய், எதிர்க் கோடியில் வைக்கோலாக அடுக்கியிருந்த ராகிப் போரில் மோதி நின்றது. பூசாரி ஓடிவந்து ஊரம்மாவின் கிரீடத்திலிருந்து வைக்கோலைப் பிடுங்கிக்கொண்டே, "இவ்வளவு சம்மதமா தாயே!" என்று அழுதார்.

மாமா உங்கள் தோளைத் தொட்டார். "என்னா மாமா, அம்மா இழுத்தாளா?"

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். மூடினீர்கள். பிறகு, கல்லை விழுங்கியவர்போல, "இழுத்துச்சு" என்றீர்கள்.

பெங்களூர் பஸ்ஸில் என்னை ஏற்றிவிடும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னீர்கள்: "நான்தான் தள்ளினேன். யார்கிட்டயும் சொல்லாத. நல்லாப் படி. இல்லன்னா பொய்யும் வீணு, படிப்பும் வீணு."

இன்டர்மீடியட் இரண்டு வருடம், பி.ஏ. இரண்டு வருடம். நான்கு வருடமும் நீங்கள் ஊரம்மா இழுத்த மனிதராக வாழ்ந்தீர்கள். தள்ளினேன் என்று சொன்னால் என்னைத் திருப்பி அழைத்துவந்துவிடுவார்கள். இழுத்தாள் என்று சொன்னால் இருபது வருடம் நீங்கள் பேசிய பேச்செல்லாம் போய்விடும். இரண்டாவதைத்தான் விட்டுக்கொடுத்தீர்கள். முதல் தேங்காய் மரியாதை உங்களுக்கு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பூசாரி வீட்டுக்கே வந்து நெற்றியில் குங்குமம் பூசினார். அசலூர்ப் பெண்கள் கைக்குழந்தையோடு வந்து, "அண்ணா, அம்மா இழுக்கறப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்கள். "கனமா இருந்துச்சு" என்பீர்களாம். அது மட்டும் பொய் இல்லை. பாகலூர் டீக்கடையில் உங்களோடு உட்கார்ந்து பேப்பர் படித்து, சாமியைக் கிண்டல் செய்த மூன்று சிநேகிதர்களும் வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டார்கள். அதை நீங்கள் எழுதவில்லை, அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நீங்கள் எனக்கு எழுதியதெல்லாம் ஒரே மாதிரி: "நலம். இந்த வாரம் குங்குமம் மூன்று முறை. நன்றாகப் படிக்கவும்."

விடுதியில் நான் வாயே திறக்காத பெண். கடைசி பெஞ்சு. ஒரு பரீட்சையில் தோற்றால் கூட உங்கள் நெற்றிக் குங்குமம் வீணாகும் என்ற பயத்திலேயே எல்லாவற்றிலும் தேறினேன்.

பட்டம் வந்த வருடம் திருவிழாவில், பல்லக்கைத் தூக்குவதற்கு முன், நீங்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊருக்கு நடுவில் நின்று சொன்னீர்கள். "அன்னிக்கி அம்மா இழுக்கல. நான் தள்ளினேன். என் பொண்ணு படிக்கணும்னு தள்ளினேன். சாமின்னு ஒண்ணும் இல்ல. இப்பப் பேசறதுதான் நெசம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கல் விழும் என்று நினைத்தேன். பூசாரி கைகூப்பினார். "பாத்தீங்களா அடக்கத்த! இழுத்தவ பேரக்கூடச் சொல்ல மாட்டேங்கறான்."

மாமா சிரித்தார். அதற்குள் அவருக்கு வேறிடத்தில் கல்யாணமாகி, இடுப்பில் ஒரு பிள்ளை. "மாமா, நான் மாடு பாக்கறவன். எந்த வண்டி எத்தன மாட்டு இழுவைன்னு பாத்தாச் சொல்லிடுவேன். அன்னிக்கி எதுத்தாப்புல நின்னது நானு. அந்த வேகம் ஒத்த ஆள் வேகம் இல்ல."

ஊர் நம்பாதது உங்களைத் தொடவில்லை. மாமா சொன்ன இழுவைக் கணக்குதான் உள்ளே போய் உட்கார்ந்தது. ஒற்றை ஆள் தள்ளி அத்தனை தூரம் எப்படிப் போயிற்று? "சரிவு இருந்திருக்கும்" என்றீர்கள். ஒரு மத்தியானம் குடத்தோடு கோயில் மைதானத்துக்குப் போய்த் தண்ணீரை ஊற்றிப் பார்த்தீர்கள். தண்ணீர் ராகிப் போர் இருந்த பக்கமிருந்து கோயிலை நோக்கி ஓடிவந்து உங்கள் காலை நனைத்தது. பல்லக்கு மேட்டில் ஏறியிருக்கிறது! அன்று ராத்திரி நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னாள். படுக்கையில் விழுந்த பிறகும் திடீரென்று, "மேட்டுலயா போச்சு?" என்பீர்கள். அம்மா உடனே குங்குமத்தை எடுத்துக்கொண்டு ஓடிவருவாள். நீங்கள் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொள்வீர்கள். அந்தக் கேள்வியோடேயே போய்விட்டீர்கள். இருபது வருடத்துக்கு மேல் காப்பாற்றிய நம்பாமை கடைசியில் ஒரு குடம் தண்ணீரில் ஆட்டம் கண்டதே என்றுதான் எனக்கு உங்கள் சாவைவிட அதிகம் வலித்தது.

இனி சிக்கப்பா சொன்னது. அவரைக்காயை உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்கப்பன் தள்ளல கண்ணு. நான்தான் பின்னால இருந்து தள்ளினேன்."

நான் தோலைக் கிண்ணத்திலும் பருப்பைக் குப்பையிலும் போட்டேன்.

"ஏன் சிக்கப்பா? நீங்க சாமிக்குப் பயந்தவராச்சே?"

"நம்பறேன். ரொம்ப நம்பறேன். ஆனா அன்னிக்கி அவ என்ன சொல்லிடுவாளோன்னு இருந்துச்சு. நீ முந்தானைக்குப் பின்னால நின்னு பாத்த பார்வை அப்படி." இன்னொரு கை காயை அள்ளினார். "அப்புறம் உங்கப்பன் தான் தள்ளினேன்னு ஊருக்கு நடுவுல சொன்னான் பாரு, எனக்காகப் பொய் சொல்றான்னு நெனச்சேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"அப்பா நெசமாவே தள்ளினாரு சிக்கப்பா. பஸ்ல ஏத்தறப்பவே எங்கிட்டச் சொல்லிட்டாரு."

அவர் கை நின்றது. என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். "ரெண்டு பேருமா?" என்றார். பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்கச் சிரித்தார். "அதான் அன்னிக்கி என் தோள் எலும்பு எறங்கிருச்சு!"

கேட்டீர்களா அப்பா? மாமாவின் கணக்கு சரி. ஒற்றை ஆள் இழுவை இல்லை. மேட்டில் ஏறியதும் சரி. இரண்டு பேர், அதுவும் ஊரிலேயே நெட்டையான இரண்டு பேர். உங்கள் நம்பாமையில் ஓட்டை இல்லை. நீங்கள் நம்பாமல் செய்ததையே அவர் நம்பிக்கொண்டு செய்திருக்கிறார். சாமி வேண்டுமா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் பல்லக்கின் முன்னாலும் பின்னாலும் யார் நிற்கிறார்கள் என்று இனிமேல் பார்த்துக்கொள்வேன்.

சிக்கப்பா இதைச் சொல்ல மட்டும் வரவில்லை. பம்பைக்காரர் மகள் இந்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிறாள். கிருஷ்ணகிரியில் டீச்சர் டிரெயினிங் சேர வேண்டுமாம். வைகாசியில் ஊரம்மாவைக் கேட்கப்போகிறார்கள். உங்கள் இடத்தில் இப்போது மாமா, உங்கள் உயரத்துக்கு ஈடுகட்டத் தோளில் சாக்கை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு நிற்கிறாராம்.

"அவன் பக்தன். லேசாத் தள்ளினாப் போதும், அம்மா இழுக்கறான்னு தானா ஓடுவான்" என்றார் சிக்கப்பா. "ஆனா பயமா இருக்கு கண்ணு. போன பாவத்துக்கே அவரைக்காய விட்டுட்டேன். அன்னியிலேருந்து ஒரு பருப்பு வாயில வச்சதில்ல. இன்னொண்ணு பண்ணினா எத விடறது? இந்த வயசுல விட எங்கிட்ட என்னா இருக்கு?"

நான் யாரிடமும் சட்டென்று பேசுகிறவள் இல்லை, உங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பேசிவிட்டேன்.

"நீங்க தள்ளுங்க சிக்கப்பா. இந்தத் தடவை நான் விடறேன்."

"எத?"

"மாம்பழத்த."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கிருஷ்ணகிரி மாம்பழம், அதுவும் வைகாசியில். "சாமிமேல நம்பிக்கை இருக்கா உனக்கு?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியாமலா மாம்பழத்தை விடுகிறாய் என்று கேட்டார். அதற்கும் தெரியவில்லை என்றேன்.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எனக்காக நான்கு வருடம் உங்கள் நம்பாமையையே விட்டிருந்தீர்கள். நான் விட்டது மாம்பழம்தான்.