கூண்டில் சொல்ல வேண்டிய பெயர்

அப்பா,

உங்கள் ரெக்சின் பையைத் திறந்தால் இன்னும் மல்லாட்டை வாசனைதான். நாளை கோர்ட்டில் காட்ட வேண்டிய பட்டாவை அம்மா இதில்தான் வைத்திருக்கிறாள். அடியில் துழாவினேன். இரண்டு கடலைத் தோலும் கொஞ்சம் செம்மண்ணும் விரலில் ஒட்டின. விழுப்புரத்தில் மாமா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களுக்கு நான் எழுதுவது தெரிந்தால் அம்மா அழுவாள், அதனால் விளக்கைத் தணித்து வைத்திருக்கிறேன். எனக்குப் பயமாகவும் இருக்கிறது.

நாம் பெங்களூருக்குக் குடிபோன பிறகு, "ஊரை வுட்டுப் போனவனுக்கு நிலம் எதுக்கு?" என்று உங்கள் பங்காளி, அந்தப் பெரியப்பா, பிரம்மதேசத்தில் இருந்த நம் நிலத்தில் ஏர் ஓட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் பஸ் ஏறித் திண்டிவனம் போனீர்கள். பரீட்சை லீவில் ஒருமுறை என்னையும் கூட்டிப் போனீர்கள். கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் வெகுநேரம் காத்திருந்தோம். டீ குடித்துவிட்டு வரலாம் என்றேன்.

"நாம டீ குடிச்சிக்கினு இருக்கும்போது டவாலி கூப்பிட்டுட்டா? மூணு தரம் கூப்பிடுவான். ஆளு இல்லன்னா கேஸு போச்சு. பெங்களூர்ல இருந்தா இன்னா, லண்டன்ல இருந்தா இன்னா? பேரு சொன்னா எழுந்து நின்னுடணும் பாப்பா."

உங்கள் பெயர் காதில் விழுந்ததும் ஒரு செருப்பை மரத்தடியிலேயே விட்டுவிட்டு ஓடினீர்கள். நான் சிரித்துக்கொண்டே அதை எடுத்துவந்தேன்.

நீங்கள் போன பிறகு வழக்கில் உங்கள் இடத்தில் அம்மாவைச் சேர்த்தார்கள். இன்று திண்டிவனத்தில் அம்மா கூண்டில் ஏறினாள். நம் வக்கீல்தான் கேட்டார், "உங்க வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா." அம்மா என்னைப் பார்த்தாள். ரேஷன் கடையில் கேட்டாலும் நான்தானே சொல்வேன்? வாயைத் திறந்தேன். "சாட்சிதான் சொல்லணும்" என்று அதட்டினார்கள். அம்மா தலைகுனிந்தே நின்றாள். கடைசியில் நாளைக்குத் தள்ளி வைத்தார்கள். நாளையும் அம்மா பேசாவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்கிறார் வக்கீல்.

வெளியே பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "புருஷன் பேரு வாயில வரல. நிலத்துக்கு மட்டும் பஸ் ஏறி வந்துட்டாங்கப்பா!"

சாப்பிடும்போது மாமா பொறுமை இழந்துவிட்டார். "யக்கா, இனிமே பேரு சொன்னா யாரு ஆயுசு குறையப் போவுது?"

அம்மா தட்டைத் தள்ளினாள். "கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து சொன்னதில்லடா. இப்ப சொன்னா, அவரு இல்லன்னு நானே சொல்றாப்பல இருக்குது."

மாமா அந்தத் தட்டை எடுத்து மூடி வைத்தார்.

இந்த இடம் வரை எழுதியபோது ஸ்டேஷனில் ஒரு வண்டி கிளம்பியது. அதன் சத்தம் அடங்கியதும் கூடத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. உங்கள் பெயர், அப்பா. மெதுவாக, பாதி மூச்சில். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம். மூன்றாவது தரம் தாத்தா பெயரையும் முன்னால் சேர்த்து, டவாலி கூப்பிடுவது போலவே முழுதாகச் சொன்னாள். குரல் உடையவில்லை.

எழுதிக்கொண்டிருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன்.

நாளை இந்தப் பையை நான்தான் தூக்கிப் போவேன். டீ குடிக்க எங்கேயும் போக மாட்டோம், அப்பா.