மச்சானுக்குக் கிடைத்த மானியம்

மச்சான்,

இன்று காலை என் மகன் தோப்பிலிருந்த பழைய சொட்டுநீர்க் குழாய்களைப் பிடுங்கி வாசலில் குவித்தான். வெயில் ஏற ஏற அந்தக் கறுப்புக் குழாயின் வாடை வீட்டுக்குள் வந்தது. காப்பித் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. நேரில் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் காங்கேயத்துப் பக்கம் மழை பொய்த்த வருஷம் அது. நம் இருவர் கிணற்றிலும் பாறை தெரிந்தது; ராத்திரி ஊறுகிற கொஞ்சத் தண்ணீர்தான். சொட்டுநீருக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, உங்கள் மொபெட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டு போய் விவசாய ஆபீசில் இருவருக்கும் மனுக் கொடுத்தீர்கள். பட்டியல் வந்தபோது உங்கள் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. என் நிலத்துப் பட்டா செத்துப்போன அப்பா பெயரிலேயே கிடந்ததுதான் காரணம். தப்பு என்னுடையது. மனசு அதை ஒப்புக்கொள்ளவில்லை.

மானியப் பணம் பின்னால்தான் வரும் என்பதால் கடனுக்குக் குழாய் வாங்கிப் போட்டீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் உங்கள் தென்னைகள் துளிர்த்தன. இந்தப் பக்கம் என் மரங்களில் மட்டைகள் தொங்கின. உங்கள் தங்கை எனக்குச் சோறு போடும்போதெல்லாம், "எங்கண்ணன் தோப்புல பாளை உட்டுருச்சுங்க" என்பாள். சந்தோஷத்தில்தான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்காது.

ஒரு மத்தியானம் ஆபீசுக்கு மொட்டைக் கடிதாசி எழுதினேன், குழாயில் பாதியை நீங்கள் விற்றுவிட்டதாக. கூசாமல் தபாலில் போட்டேன்.

உங்கள் மானியம் நின்றது. குழாய்க் கடைக்காரர் உங்கள் வாசலில் வந்து சத்தம் போட்டார். உங்கள் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்பதுதான் நிஜம்.

பிறகு விசாரிக்க அதிகாரி வந்தார். நீங்கள் வேலியோரம் வந்து கூப்பிட்டீர்கள். "ஏனுங் மாப்ள, சித்த வாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரு கையெழுத்து வேணுமாமுங்க."

அதிகாரி ஒவ்வொரு மரத்தடியாகக் குனிந்து பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே இருக்கு. எவன் எழுதுனான் இதை?" என்று கடிதாசியை உங்களிடம் நீட்டினார். எப்படிச் சாய்த்து எழுதினாலும் என் எழுத்து உங்களுக்குத் தெரியாததா? படித்துவிட்டு என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தீர்கள். அவரிடம் திரும்பி, "தண்ணியில்லாத வயித்தெரிச்சலுங்க சார். யாரோ எழுதிப்போட்டாங்க. உடுங்க" என்றீர்கள்.

அதிகாரி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

மானியம் வந்த வாரமே மொபெட்டோடு என் வாசலில் நின்றீர்கள். "கெளம்புங்க மாப்ள. பட்டாவ உங்க பேருக்கு மாத்திப்போட்டு வந்தரலாம்." அடுத்த வருஷம் எனக்கும் மானியம் கிடைத்தது. கடிதாசியைப் பற்றி மட்டும் நீங்கள் கடைசிவரை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்திவிட்டு ஆறியிருப்பேன்.

போன மாதம் உங்கள் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கண்ணன் இருக்கறப்பவே அவருகிட்டச் சொல்லியிருக்கோணுமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

உங்கள் கருமாதியன்று பந்தலில் ஒருவர், "அப்பிடியொரு மனுசன இனிப் பாக்க முடியுமுங்களா" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அங்கேயும் வயிறு எரிந்தது, மச்சான். தோப்பில் உங்களை எட்டிவிட்டேன். மனசில்தான் முடியவில்லை.