படிப்புக்காக முன்னால் இழுத்த தெவசம்

என் உசிரான கஸ்தூரி அப்பாவுக்கு,

நீங்க போய்ச் சேர்ந்து இன்னிக்கோட சரியா ஒரு வருஷம். அடுப்பு மூட்டல, படையலும் போடல. மில்லு களத்துல நெல்லு காயப்போடப் போவலாம்னு கவரைப்பேட்டை ஸ்டேஷன் வரைக்கும் நடந்துட்டுத் திரும்பி வந்துட்டேன். உக்காந்தா எழுந்துக்கணும் போல இருக்குது, எழுந்தா உக்காரணும் போல இருக்குது.

எல்லாம் உங்க மவளால. நேத்து மெட்ராஸ்லேந்து கார்டு போட்டிருக்கா. நுணுக்கி நுணுக்கி ஊருபட்டது எழுதிட்டு, கடைசியில ஒரு கேள்வி: "நைனா இருந்திருந்தா என்னை இங்க அனுப்பியிருப்பாரு இல்லம்மா?" சாயங்காலத் தபாலுக்குள்ள நான் பதில் போட்டாவணும். இன்னா எழுதட்டும், சொல்லுங்க?

மொதல்லேந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். பதினொண்ணாவது போகப்போற பசங்கள்ல நல்லாப் படிக்கிறவங்களாப் பொறுக்கி, கோடை லீவுல ஒரு மாசம் மெட்ராஸ் காலேஜ் ஒண்ணுல தங்கவச்சு சயின்ஸ் சொல்லித் தராங்க. காலேஜ்ல சேர்றதுக்கு முன்னாடியே காலேஜ் வாத்தியாருங்க, காலேஜ் லேபு. சோறும் அவங்களே போடறாங்க. நம்ம ஸ்கூல்லேந்து ஒரே பேருதான் எடுத்தாங்க, அது நம்ம கஸ்தூரி. ஆனா ஒரு நாள் லீவு போட்டாலும் பேரை அடிச்சிடுவாங்களாம். உங்க தலைத் தெவசம் அந்த மாசத்துக்கு நட்டநடுவுல வந்து நின்னுச்சு.

"நைனா நாளுக்கு ஊட்டுல இருக்க விடாத படிப்பு எனக்கு வாணாம்மா"ன்னுட்டா. சொல்லிட்டுக் கொல்லப்பக்கம் போயி அழுதா. நான் பாக்கலன்னு நெனச்சிக்கினா.

எனக்கு மனசு ஆறல. புதுவாயலுக்குப் போயி உங்க அண்ணன் எதிர்ல நின்னேன். "வருஷத்துக்குள்ள ஊட்டுல கண்ணாலம் வந்தா, தெவசத்த முன்னாலயே இழுத்து முடிச்சிடறோம் இல்ல மாமா? அது மாதிரி இதையும் முடிச்சிட்டு அவள அனுப்பலாம்"னேன்.

மனுஷனுக்கு மூக்குமேல கோவம். "கண்ணாலமும் இதுவும் ஒண்ணாம்மா? பொண்ணு படிக்கப் போவறதுக்குத் தெவசத்த இழுத்தாங்கன்னா ஊரே சிரிக்கும்!"

"கண்ணாலத்துக்கு இழுத்தா பந்தியில உக்காந்து துன்னுட்டுப் போற ஊரு, இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு மாமா சிரிக்கணும்?"

துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு உள்ள போயிட்டாரு. சரி, ஆவாதுன்னு பஸ் ஏறிட்டேன். மறுநாள் விடிஞ்சா, சைக்கிள்ல வாழக்கா, வாழ இலையெல்லாம் கட்டிக்கினு வாசல்ல வந்து நிக்கிறாரு. "செத்தவன் என் தம்பி. கோச்சிக்கினா என்கிட்டயே கோச்சிக்கட்டும், நாளப் பாரு"ன்னாரு. நான் அங்கியே உக்காந்து அழுதுட்டேன்.

அப்படித்தான் உங்கள இருவது நாளு முந்தியே கூப்பிட்டோம். வந்தீங்களா? நாள் தப்பிக் கூப்பிடறாளேன்னு வராம இருந்துட்டீங்களா? கஸ்தூரி கும்பிட்டுக்கினே நின்னா, நவுரவே இல்ல. மூணாம் நாளு உங்க அண்ணன்தான் அவள ரயில்ல கூட்டினு போய் விட்டுட்டு வந்தாரு.

இப்ப நல்லாத்தான் இருக்கா. மைக்ரோஸ்கோப்புல வெங்காயத் தோலு பாத்தாளாம், செங்கல்லு அடுக்கின மாதிரி கட்டம் கட்டமா தெரிஞ்சிதாம். இங்கிலீஷ் மட்டும் ஓடிப்போயிடுதாம், புடிக்க முடியலையாம். நைட்ல படுத்தா அந்தக் கேள்விதான் வருதாம் அவளுக்கு.

எனக்குத் தெரியாதா உங்கள? ஸ்கூல்ல மாமல்லபுரம் கூட்டினு போறதா சொன்னப்ப, "பொட்டப்புள்ள ராத்தங்கறதாவது, காலை ஒடிச்சிடுவேன்"னு சொன்னவரு நீங்க. மறுநாளு ஜிலேபி வாங்கினு வந்து, அவ மூஞ்சியப் பாக்க முடியாம வாசலோட நின்னீங்க. பாசத்துக்கு ஒரு கொறச்சலும் இல்ல. பயந்தாங்கொள்ளி நீங்க, அவ்ளோதான்.

நீங்க உசிரோட இருந்திருந்தா அவ இந்நேரம் என் பக்கத்துல ஒக்காந்து அரிசி பொடச்சிக்கினு இருப்பா. நீங்க போனதாலதான் அவ போவ முடிஞ்சிது. அப்போ நீங்க போனது நல்லதுன்னு ஆவுதா? அய்யோ, என் வாயி அழுவிப்போவ! எனக்கு நீங்களும் வேணும், அவளும் போவணும். ரெண்டையும் ஒண்ணா கேட்டா அது பேராசையாங்க?

உள்ளதச் சொல்லிடலாம்னு ஒரு கார்டு எழுதினேன். "அனுப்பியிருக்க மாட்டாரு கண்ணு"ன்னு எழுதிப் படிச்சிப் பாத்தேன். கிழிச்சிப் போட்டுட்டேன்.

இப்ப வேற எழுதிட்டேன், கேளுங்க: "நைனா இருந்திருந்தா, உன் டிரங்குப் பெட்டியத் தன் தலையில தூக்கினு வந்து, காலேஜ் கேட்டுல விட்டுட்டு, நீ உள்ள போற வரைக்கும் அங்கியே நின்னுக்கினு இருந்திருப்பாரு." இதக் கிழிக்கல.

இனிமே அவளுக்கு நீங்க அந்த அப்பாதான். நான் கண்ண மூடற வரைக்கும் இத மாத்திச் சொல்லமாட்டேன், உங்கமேல சத்தியம். நீங்களும் அவ கனவுல வந்து காட்டிக் குடுத்துடாதீங்க.

இன்னும் உங்களோட சண்டை போட்டுக்கினே இருக்கிற,
உங்க பொஞ்சாதி