ஈரச்சேலை

செவ்வாய், இரவு.

சேர்வராயன் மலையையே பேசிப் பெயர்த்துவிடும் என் நாக்கு, இன்று தங்கச்சி முன்னால் அசையவில்லை.

சேலத்து டாக்டர் அவள் மகன் முருகேசனிடம் தெளிவாகத்தான் சொன்னார். "விந்தணுவை உண்டாக்குற செல்லெல்லாம் விதையில இருக்குதுங்க. வேலையைத் தொடங்கச் சொல்லி மூளைக்கு அடியிலிருந்து வர வேண்டிய ஹார்மோன்தான் பத்தல. ஊசி போட்டுப் பாக்கலாம்."

"மாமா, அம்மாகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க" என்றான் ஜீப்பில். பெரிதாகத் தலையாட்டினேன்.

அவர்கள் ஊரான செம்மநத்தம் வந்தால், பிள்ளைவரம் வேண்டி மருமகளை இந்தக் குளிரில் ஈரச்சேலையோடு கோயிலைச் சுற்றவைத்துக் கூட்டிவந்திருக்கிறாள் தங்கச்சி. மருமகளுக்குப் பல் கிட்டியது. நான் காபியைப் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

முருகேசன்தான் எழுந்தான். "இனி சுத்தறதுன்னா நான் சுத்தறனுங்கம்மா. கொறை எனக்குத்தான்."

தங்கச்சி துண்டை எடுத்து மருமகளின் தலையைத் துவட்டினாள். நான் வாயே திறக்காமல் கிளம்பிவந்தேன்.