அனாமத்தில் போட்ட இருபத்தேழு

என் அன்பானவருக்கு,

காலையில் எழுந்ததும் முதலில் தலையணைக்கு அடியிலிருந்த அலுவலக அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஆமாம், வேலை கிடைத்துவிட்டது! நாற்பத்து நான்கு வயதில் முதல் கணக்காளர் வேலை. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

தேறாவிட்டால் வீடு திரும்புவதாகச் சொன்னேனே, அந்த ஒருநாள் சோதனை நேற்று நடந்தது. பற்றுக்கும் வரவுக்கும் இருபத்தேழு ரூபாய் இடித்தது. பாடத்தில் உள்ளபடி வித்தியாசத்தை, காரணம் தெரியாத தொகையை ஒதுக்கிவைக்கும் அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். நம் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளான மேலாளர் சிரித்துவிட்டாள்.

"அக்கா, பரீட்சைல இதுக்கு மார்க் உண்டு. இங்க கண்டுபிடிச்சாத்தான் வீட்டுக்குப் போகலாம்!"

"அப்ப ஒரு காபி சொல்லும்மா."

ஒரு மணி நேரத்தில் பிடித்துவிட்டேன். யாரோ ஐம்பத்தெட்டை எண்பத்தைந்து என்று மாற்றி எழுதியிருந்தார்கள். அப்படித் தேடியது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா?

அந்தப் பழைய ரேடியோவை அனுப்புங்கள். அறையில் பேச்சுக்குரலே இல்லாமல் படிக்க முடியவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இன்னும் யாருக்கும் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். வேலை கிடைத்ததும் படிப்பை விட்டுவிடுவதாகத்தான் நமக்குள் பேச்சு. நான் விடப்போவதில்லை. மீதி இரண்டு பரீட்சைத் தாள்களையும் எழுதியே தீருவேன்.

உங்கள் மனைவி