உன் நைனா படித்த படிப்பு

தண்டையார்பேட்டை
6.7.2003

அன்பு மகன் அறிவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், மஸ்கட் வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்றுதான் எனக்கு எந்நேரமும் நினைப்பு. உன் தங்கச்சி செங்கொடி டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டாள். தண்ணி லாரி ஒழுங்காக வருவதில்லை, குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம், அது கிடக்கட்டும். இனிமேல் எழுதப்போவது உன் நைனாவைப் பற்றி. கோபப்படாமல் முழுசாகப் படி.

அவர் குடியை விட்டதை நீ நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். நீ ஊரைவிட்டுப் போனதே அவரால்தானே, உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு வைத்தியம் பார்த்த திருவொற்றியூர் சென்டரில், குடித்துத் திருந்தினவர்களையே அடுத்தவர்களுக்குத் துணையாக இருக்கப் பழக்குகிறார்கள். இவரையும் சேர்த்துக்கொண்டார்கள். பாடம் நடத்துகிற ஹில்டா மேடம் முதல் நாளே ஒரு ஆளை எதிரில் உட்காரவைத்து, இவர் இன்றைக்குத்தான் குடியை விட வந்திருக்கிறார் என்று நினைத்துப் பேசுங்கள் என்றார்களாம். இவருக்கோ ஹார்பர் யூனியன் மீட்டிங்கில் பேசிய பழக்கம். எழுந்து நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு "தோழர்களே" என்று ஆரம்பித்துவிட்டார். எதிரில் இருந்தது ஒரே ஒரு ஆள். வகுப்பே சிரித்ததாம். மேடம் அவரை உட்காரச் சொல்லி, முதலில் காது கொடுங்கள், கேட்டால் மட்டும் உங்கள் கதையைச் சொல்லுங்கள், புத்தி சொல்லாதீர்கள், கூப்பிடாமல் யார் வீட்டுக்குள்ளும் போகாதீர்கள் என்றார்களாம். வாய் மூடாத மனுஷன் அதைக் கற்றுக்கொள்ளப் பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன். நான் சீரியல் கதை சொன்னால்கூடத் தலையாட்டிக் கேட்டுப் பழகினார்.

பிறகு மணலியில் டாங்கர் ஓட்டுகிற சவரிநாதன் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் பெண்சாதி சென்டரில் வந்து அழுதிருக்கிறாள். அவனோ இவரைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டான். உன் நைனா பழைய வேலப்பனாக இருந்தால் கதவை உடைத்திருப்பார். இவர் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார், மறுநாளும் போனார், அப்புறமும் போனார். கடைசியில் அவனே வெளியே வந்து, இன்னாத்துக்கு டெய்லி வந்து குந்திக்கினு கீற என்று கேட்டானாம். "நானும் குடிச்சி வூட்டத் தொலைச்சவன்தான். நீ பேசுனா கேட்டுக்கினு இருப்பேன், பேசாட்டி சும்மா குந்திக்கினு இருப்பேன்" என்றாராம். உள்ளே வா என்று கூப்பிட்டான். இப்போது சவரிநாதன் ஒழுங்காகச் சென்டருக்கு வருகிறான். இவருக்கு அங்கேயே வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். போட்டோ ஒட்டிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பால் வாங்கக்கூடப் போகிறார். நான் கேலி செய்கிறேனே தவிர, எனக்குப் பெருமை தாங்கவில்லை அறிவு.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி போட்டுக்கொள். ஒரு குறையும் இல்லாமல் நீ நூறு வயசு வாழணும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ போன் செய்கிற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அவரும் என்னோடு போன் இருக்கிற ரஹீமுன்னிசா அக்கா வீட்டுக்கு வருகிறார், உனக்குத் தெரியாது. வாசலோடு நின்றுவிடுவார். அக்கா உள்ளே வரச் சொன்னால், பிள்ளை கூப்பிடட்டும் என்கிறார். இந்தக் கடுதாசி கிடைத்தபின் வருகிற ஞாயிறும் அங்கேதான் நிற்பார்.

இப்படிக்கு
உன் அம்மா
கெங்கம்மா