போய்ச் சேராத மாம்பழ வில்லை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். நீ நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றே கேட்கிறேன். போனில் கேட்டால் அம்மா பக்கத்தில் இருப்பாள், நீயும் நல்லா இருக்கேன்பா என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெயில் முடிந்து மழை ஆரம்பித்துவிட்டது. ரிப்பேருக்கு மூன்று தையல் மெஷின் வந்திருக்கிறது, மூன்றும் எனக்கு மூத்தவை. அம்மா இந்த வருஷமும் மாம்பழம் பிழிந்து தட்டில் ஊற்றி, தினம் ஒரு பூச்சாக மொட்டை மாடியில் காயவைத்து, காக்கா விரட்டிக்கொண்டு வெயிலிலேயே உட்கார்ந்து உனக்கு வில்லை போட்டதும், மருந்துக்கடைக்காரர் மகள் நீ இருக்கிற ஊருக்குக் கிளம்பியபோது அதை அவளிடம் கொடுத்தனுப்பியதும் உனக்குத் தெரியும். ஸ்பீக்கரில் நீ சொன்னதை நானும் கேட்டேன். "அதே ருசிம்மா, ரெண்டே நாள்ல டப்பா காலி" என்றாய். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கீரைக்காரம்மாவில் தொடங்கி கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வரைக்கும் ஒருத்தரையும் விடாமல் சொல்லித் தீர்த்தாள்.

போன செவ்வாய்க்கிழமை மருந்துக்கடைக்காரர் என் கடைக்கு வந்தார். ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். ஏர்போர்ட்டில் எடை கூடிவிட்டதாம், டப்பாவை எடுத்து இவர் கையிலேயே கொடுத்துவிட்டு அந்தப் பெண் உள்ளே போய்விட்டதாம். "அக்கா மூஞ்சியில எப்படிண்ணே முழிக்கிறது" என்று ஒரு மாதமாகப் பரண்மேல் வைத்திருந்திருக்கிறார். பையைத் திறந்து பார்த்தேன். டப்பாவைச் சுற்றி அம்மா தைத்த துணியில் ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

உன்மேல் கோபம் இல்லை கண்ணா. அந்தப் பெண் திட்டு வாங்கக் கூடாது, அம்மா மனசு நோகக் கூடாது என்று சொல்லியிருப்பாய். நானும் டப்பாவை ஸ்பேர் பார்ட்ஸ் அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டேன், அம்மாவிடம் மூச்சு விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. சாப்பிடாததைச் சாப்பிட்டேன் என்று இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்தவன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்வதும் இப்படித்தானா? லீவு நாளில் கூட்டாளிகளோடு வெளியே போனேன் என்கிறாயே, அந்தக் கூட்டாளிகள் நிஜமாகவே இருக்கிறார்களா? கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படுத்துக் கிடக்கிறாயோ என்று நினைப்பு வந்தால், கழற்றிப் போட்ட மெஷினில் எந்த ஸ்க்ரூ எங்கே என்பதே மறந்துபோகிறது. உண்மையை யார் முதலில் சொல்வது என்று பார்க்க வேண்டாம், நானே ஆரம்பிக்கிறேன். முட்டிவலி போய்விட்டது என்றேனே, போகவில்லை. நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை. நானும் அம்மாவும் அதை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வதில்லை, டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்கிறோம்.

உடம்பிலும் மனசிலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், மனசார வாழ்த்துகிறேன். மழையில் நனையாதே. பதில் எழுதும்போது வீட்டு முகவரி போடாதே, கடை முகவரி போடு. நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்றே எழுது. அம்மாவிடம் என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பா